மேப்ஸ்ட்ரக்ட் எப்படி? அரைக் கிலோ அல்வா ஐநூறு கிலோ ஆகாமல் காப்பி பண்ண

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்டில் இருக்கிற மதிப்புகளை வேறொரு க்ளாஸின் ஆப்ஜெக்டுக்குக் காப்பி பண்ணுகிற வேலை உங்களுக்கு தினமும் இருக்கிறது என்றால், அந்தக் காப்பி கோடை எழுதித் தருகிற மேப்ஸ்ட்ரக்ட் (MapStruct) என்ற கருவியைப் போடுங்கள். ஆனால் டவுன்லோட் ஆகி வந்த நிலையிலேயே ஓட்டாதீர்கள். சில செட்டிங்குகளை மாற்றிய பிறகுதான் அது உருப்படியான சாமான். அதற்கு முன்னால், மற்ற காப்பி கருவிகளைப் போல, அதுவும் எதைக் கொடுத்தாலும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுகிற ரகம்தான், கொஞ்சம் படித்த ரகம், அவ்வளவே.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவர்கள். டவுன் ரத வீதிப் பக்கம் அல்வாக் கடை, களக்காடு பக்கம் வாழைத்தார் மண்டி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் பாய், இப்படிப்பட்ட வியாபாரிகள்தான் நம்ம ஆட்கள். இவர்களில் பாதிப் பேரிடம் ஏற்கனவே யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கும், அதில் வருஷக்கணக்கான கணக்கு இருக்கும், விலை ஒரு இடத்தில் ஸ்ட்ரிங்காக (எழுத்தாக), இன்னொரு இடத்தில் டபுளாக (புள்ளி வைத்த எண்ணாக), எடை கிராமில் இன்ட்டாக (முழு எண்ணாக), செல் நம்பர் என்னவாகவோ கிடக்கும். அதையெல்லாம் புதிய சாஃப்ட்வேருக்குக் கொண்டுவர வேண்டும். பழைய டேபிளுக்கு ஒரு க்ளாஸ், புதிய டேபிளுக்கு ஒரு க்ளாஸ், திரைக்கு அனுப்ப ஒரு டிடிஓ (DTO) க்ளாஸ். ஒரே வாடிக்கையாளர் மூன்று உருவத்தில் இருப்பார், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காப்பி பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வகை மதிப்பை வேறு வகை இடத்தில் போடுவதால் வருகிற டைப் எர்ரர் எல்லாம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

கையாலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். பழையதில் மதிப்பை எடுக்கிற கெட்டரைக் கூப்பிட்டு புதியதில் மதிப்பை வைக்கிற செட்டரில் போட்டால் முடிந்தது, டைப் பொருந்தவில்லை என்றால் கம்பைலரே கத்தும். லாங்கை (இன்ட்டைவிடப் பெரிய முழு எண் வகை) இன்ட்டில் போடப் போனால் மதிப்பு தொலைந்துவிடலாம் என்று நிறுத்தும். பிரச்சினை அடுத்த நிமிஷம் நடப்பது. பையன்கள் என்ன செய்கிறார்கள் என்றால் முன்னால் அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று ஒரு காஸ்ட், அதாவது இந்த வகையாகவே எடுத்துக்கொள் என்கிற கட்டளை, போட்டுவிடுகிறார்கள். சிவப்புக் கோடு போய்விடும், எர்ரர் சரியாகிவிட்டது என்று கமிட் பண்ணிவிடுவார்கள். கம்பைலரின் வாயை அடைத்ததைத் தவிர அங்கே எதுவும் சரியாகவில்லை. பணத்தைப் பைசாவாக வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பழக்கம்தான், ஆனால் இன்ட்டில் அடங்குகிற பெரிய எண் 2147483647. பைசாவில் கணக்குப் போட்டால் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். வாழைத்தார் மண்டியின் வருஷக் கணக்கு அதைத் தாண்டினால் காஸ்ட் போட்ட இடத்தில் எண் சுற்றிக்கொண்டு மைனஸில் வந்து நிற்கும், எந்த எர்ரரும் வராது. காஸ்டுக்குப் பதிலாக ஜாவா 8-இல் வந்த மேத் டாட் டுஇன்ட்எக்ஸாக்டைப் போட்டிருந்தால் அடங்காத இடத்தில் எக்செப்ஷன் (ஓடும்போது வருகிற எர்ரர்) எறிந்திருக்கும். அதைவிட நல்லது, புதிய க்ளாஸில் அந்த ஃபீல்டையே லாங் ஆக்குவது. டைப் எர்ரர் வந்தால் எந்தப் பக்கம் தப்பு என்று முதலில் யோசிக்க வேண்டும், பாதி நேரம் தப்பு வாங்கிக்கொள்கிற பக்கத்தில்தான் இருக்கும்.

செல் நம்பரும் அதே கதை. நம்ம ஊர் பத்து இலக்க நம்பர் 6, 7, 8, 9-இல் ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கும், அது இன்ட்டில் ஏறவே ஏறாது, ஸ்ட்ரிங்கிலிருந்து இன்ட்டாக மாற்றப் போனால் நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன் வரும். வரட்டும், அது நல்லது, உடனே தெரிந்துவிடுகிறதே. எஸ்டிடி கோடு அதைவிடக் கள்ளன். திருநெல்வேலிக்கு 0462. இதை எண்ணாக மாற்றினால் முன்னால் இருக்கிற பூஜ்யம் போய் 462 ஆகிவிடும். ஜாவா கோடிலேயே நேராக 0462 என்று எழுதினீர்கள் என்றால் இன்னும் வேடிக்கை, பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற எண்ணை அது ஆக்டல் (0 முதல் 7 வரை மட்டுமே உள்ள எட்டடி எண் முறை) என்று எடுத்துக்கொள்ளும், மதிப்பு 306! ஜிஎஸ்டி பில்லில் சரக்கைக் குறிக்கப் போடுகிற எச்எஸ்என் கோடில் வாழைப்பழத்தினுடைய 0803-ஐ அப்படி எழுதினால் மட்டும் 8 ஆக்டலில் கிடையாது என்று கம்பைலர் பிடித்துவிடும். ஆக வாழைப்பழம் தப்பித்தது, திருநெல்வேலி மாட்டிக்கொண்டது. கூட்டிக் கழிக்கப் போகாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள்.

கையால் எழுதுவதில் இன்னொரு சங்கடம், நாற்பது ஃபீல்ட் இருக்கிற க்ளாஸில் ஒன்று விட்டுப்போனால் கம்பைலருக்குத் தெரியாது. இரண்டு ஸ்ட்ரிங் ஃபீல்டை மாற்றிப் போட்டாலும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் ஏதாவது ஒரு காப்பி கருவியைத் தேடிப் போகிறார்கள், போய் இன்னும் மோசமான இடத்தில் விழுகிறார்கள்.

ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் இருக்கிற பீன்யுடில்ஸைத்தான் பெரும்பாலும் முதலில் எடுப்பார்கள். காப்பிப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரே வரி, இதிலிருந்து இதற்கு என்று கொடுத்தால் ஒரே பெயருள்ள ஃபீல்டெல்லாம் போய்விடும். டைப் பொருந்தாத ஃபீல்டை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சொல்லாமல் கொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பழையதில் விலை ஸ்ட்ரிங், புதியதில் பிக்டெசிமல் (புள்ளி வைத்த எண்ணைத் துல்லியமாக வைக்கிற வகை) என்றால் புதியதில் விலை காலியாகவே இருக்கும், லாகில் ஒரு வரி கிடையாது. எர்ரர் வராமல் வேலை கெடுவது எர்ரர் வந்து வேலை நிற்பதைவிட நூறு மடங்கு கெட்டது, அதிலும் தீபாவளிக்கு முந்தின வாரம் அல்வாக் கடையில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்போது.

அப்பாச்சி காமன்ஸிலும் பீன்யுடில்ஸ் என்றே ஒரு க்ளாஸ் இருக்கிறது, மெத்தட் பெயரும் அதேதான், ஆனால் வாங்குகிறது முதலில், கொடுக்கிறது இரண்டாவது. ஸ்பிரிங்கில் கொடுக்கிறது முதலில். ஐடிஇ தானாக இம்போர்ட் போடும்போது தப்பான பீன்யுடில்ஸ் உள்ளே வந்துவிட்டால் நிரம்பிய ஆப்ஜெக்டின் மேல் வெற்று ஆப்ஜெக்ட் காப்பி ஆகும். அப்புறம் இந்த அப்பாச்சி பீன்யுடில்ஸ் டைப் பொருந்தாவிட்டால் தாண்டிப் போகாது, மாற்றிக் கொடுக்கப் பார்க்கும். மாற்ற முடியாத ஸ்ட்ரிங்கை இன்டிஜரில் போடச் சொன்னால், நாம் எதுவும் மாற்றி வைக்காத நிலையில், 0 போட்டுவிடும். பழைய பதிப்புகளில் இன்டிஜரில் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) இருந்தாலும் 0 ஆகிவிடும். "விலை இன்னும் போடவில்லை" என்பதும் "விலை 0" என்பதும் கடைக்காரருக்கு ஒன்றா?

மாடல்மேப்பரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து எது எதற்குப் பொருந்தும் என்று அதுவே ஊகிக்கும், புத்திசாலிதான், ஆனால் எல்லாம் ரன்டைமில். ஓட்டிப் பார்த்தால்தான் தப்பு தெரியும். டோசர் என்று ஒன்று இருந்தது, அதைப் பராமரிக்கிறவர்களே புதிய வேலைக்கு இதை எடுக்காதீர்கள், மேப்ஸ்ட்ரக்டோ மாடல்மேப்பரோ பாருங்கள் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

ரன்டைம் கருவிகளோடு இன்னொரு வில்லங்கம் ஜெனரிக்ஸ், அதாவது லிஸ்ட்டுக்குள் எந்த வகை இருக்கும் என்று எழுதிவைப்பது. இன்டிஜர் லிஸ்ட்டை லாங் லிஸ்ட்டில் போட ஜாவா கம்பைலர் விடாது. ஆனால் ஜெனரிக்ஸ் என்பது கம்பைலரோடு முடிந்துபோகிற விஷயம், ஓடும்போது அங்கே வெறும் லிஸ்ட்தான் இருக்கும், ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே க்ளாஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று துருவிப் பார்ப்பது) வழியாகக் காப்பி பண்ணுகிற கருவி இதைக் கவனிக்காவிட்டால் இன்டிஜர்கள் நிரம்பிய லிஸ்ட் லாங் லிஸ்ட் என்ற பெயரில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காப்பி பண்ணின இடத்தில் ஒன்றும் ஆகாது. வேறு எங்கோ, ரிப்போர்ட் எடுக்கிற இடத்தில் யாரோ முதல் எண்ணை எடுத்துக் கூட்டப் பார்க்கும்போது இன்டிஜரை லாங்காகக் காஸ்ட் பண்ண முடியாது என்று க்ளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் விழும். ஸ்டாக் ட்ரேஸ் ரிப்போர்ட்டைக் கைகாட்டும், கள்ளன் வேறு தெருவில். ஸ்பிரிங் 5.3-க்கு முன்னால் அதன் பீன்யுடில்ஸ் இப்படித்தான் இருந்தது. 5.3-இலிருந்து ஜெனரிக் டைப்பையும் பார்த்து, பொருந்தாவிட்டால் காப்பி பண்ணாமல் விடுகிறது. வழக்கம்போல எதுவும் சொல்லாமல்.

சரி, மேப்ஸ்ட்ரக்டுக்கு வருவோம்.

கன்னர் மோர்லிங் ஆரம்பித்த ஓப்பன் சோர்ஸ் வேலை, 1.0 பதிப்பு 2015-இல் வந்தது, அப்பாச்சி 2.0 லைசென்ஸ், காசு கிடையாது. மற்றதோடு இதற்கு இருக்கிற பெரிய வித்தியாசம், இது கம்பைல் ஆகும்போது வேலை செய்கிற அனோட்டேஷன் ப்ராசஸர், அதாவது கோடில் @ போட்டு எழுதுகிற குறிப்புகளைப் படித்துப் புதிய கோடு எழுதுகிற கருவி. நீங்கள் ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி மேலே மேப்பர் அனோட்டேஷன் போட்டு, பழைய வாடிக்கையாளரை வாங்கிப் புதிய வாடிக்கையாளரைத் தருகிற மெத்தடை வெறும் பெயரோடு விட்டால், உள்ளே இருக்க வேண்டிய கெட்டர் செட்டர் கோடை அதுவே எழுதித் தரும். எழுதின கோடு, மேவன் என்ற பில்ட் கருவியில், டார்கெட் ஃபோல்டருக்குள் ஜெனரேட்டட் சோர்சஸ் என்ற இடத்தில் சாதாரண ஜாவா ஃபைலாகக் கிடக்கும். திறந்து படிக்கலாம், பிரேக்பாயிண்ட் வைக்கலாம். ரிஃப்ளெக்ஷன் கிடையாது, ஆகவே வேகத்தைப் பற்றித் தனியாகப் பேச ஒன்றுமில்லை, கையால் எழுதின கோடு மாதிரியேதான் ஓடும். எனக்கு வேகத்தைவிடப் பிடித்தது படிக்க முடிகிறது என்பதுதான்.

டைப் பொருந்தாத இடத்தில், அதற்கு மாற்றவும் தெரியாத இடத்தில், பில்டை நிறுத்திவிடும். இந்த ஃபீல்ட், இந்த டைப், அந்த டைப்புக்கு மேப் பண்ண முடியவில்லை, இப்படி ஒரு மெத்தட் எழுதிக்கொடு என்று மெத்தடின் தலைப்பையே எழுதிக் காட்டும். எர்ரர் மெசேஜ் எழுதத் தெரிந்தவர்கள் எழுதின கருவி. நீங்கள் அந்த மெத்தடை அதே இன்டர்ஃபேஸில் டிஃபால்ட் மெத்தடாக எழுதிவிட்டால் போதும், அந்த டைப் ஜோடி வருகிற எல்லா இடத்திலும் அதுவே எடுத்துக்கொள்ளும். இன்டிஜர் லிஸ்ட்டிலிருந்து லாங் லிஸ்ட்டுக்கு என்றால் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிப் போடுகிற லூப்பை எழுதிவிடும், மேலே சொன்ன ஜெனரிக்ஸ் வில்லங்கம் இங்கே கிடையாது.

இதுவரைக்கும் பாராட்டு. இனிமேல்தான் விஷயம்.

எங்களோடு வேலை பார்க்கிற அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருத்தன், கெட்டிக்காரன், அல்வாக் கடையின் பழைய பில்களைப் புதியதுக்குக் கொண்டுவர மேப்பர் எழுதினான். பழையதில் எடை என்பது கிராமில் இன்ட். புதியதில் எடை என்பது கிலோவில் பிக்டெசிமல். இரண்டுக்கும் பெயர் எடை. பில்ட் சுத்தமாக ஓடியது. சோதனைக்கு எடுத்த பில்லை அண்ணாச்சியிடம் காட்டினோம், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏ தம்பி, அரைக் கிலோ வாங்கினவனுக்கு ஐநூறு கிலோன்னு போட்டிருக்கீயளே, ஆனித் தேருக்கு வந்த கூட்டம் பூராத்துக்கும் நாந்தான் அல்வா கொடுத்தேனாக்கும்?" என்றார். பையன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, எர்ரரே வரலையே" என்றான்.

வராதுதான். இன்ட்டிலிருந்து பிக்டெசிமலுக்கு மாற்ற மேப்ஸ்ட்ரக்டுக்குத் தெரியும், டாக்குமென்டேஷனிலேயே எழுதியிருக்கிறது. எண் வகைகளுக்குள்ளே, எண்ணிலிருந்து ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்கிலிருந்து எண், ஈனமிலிருந்து (enum, குறிப்பிட்ட சில பெயர்கள் மட்டுமே வரக்கூடிய பட்டியல் வகை) ஸ்ட்ரிங், பழைய டேட்டிலிருந்து லோக்கல்டேட், இப்படி ஒரு நீளமான பட்டியலை அதுவே நம்மைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்கும். நம்ம ஊரில் கல்யாண வீட்டில் ஒரு மாமா இருப்பாரே, யாரும் கேட்காமலே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து, பாயசத்தில் உப்பையும் போட்டுவிடுகிற மாமா, அந்த ரகம். எச்எஸ்என் கோடு பழையதில் ஸ்ட்ரிங், புதியதில் எவரோ இன்ட் என்று வைத்துவிட்டார், திரைக்குப் போகிற டிடிஓவில் மறுபடி ஸ்ட்ரிங் என்றால், 0803 உள்ளே போய் 803 என்று வெளியே வரும், நடுவில் ஒரு எச்சரிக்கை வராது. லாங்கிலிருந்து இன்ட்டுக்கும் கேட்காமல் மாற்றும், மைனஸ் கோடி மறுபடியும் உயிரோடு வரும்.

ஆகவே செட்டிங்குகள். மேப்பர்கான்ஃபிக் என்று ஒரு இடத்தில் எழுதிவைத்து எல்லா மேப்பரையும் அதைப் பின்பற்றச் சொல்லிவிடலாம், ஒவ்வொன்றிலும் எழுத வேண்டாம்.

வாங்குகிற பக்கத்தில் நிரப்பப்படாத ஃபீல்ட் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அன்மேப்ட்டார்கெட்பாலிசி. இது வரும்போது வார்னிங்கில் இருக்கும், வார்னிங்கை நம்ம ஊரில் யார் படித்தார்கள், எர்ரருக்கு மாற்றுங்கள். அப்புறம் வேண்டுமென்றே விடுகிற ஃபீல்டை இக்னோர் என்று எழுதித்தான் விட முடியும், அது பின்னால் வருகிறவனுக்கு ஒரு குறிப்பாகவும் இருக்கும். பெரிய டைப்பிலிருந்து சின்ன டைப்புக்கு மாற்றும்போது மதிப்பு தொலையலாம் என்றால் அதற்கு டைப்கன்வர்ஷன்பாலிசி, இது பழைய கோடெல்லாம் உடையக் கூடாது என்பதற்காக இக்னோரில் வைத்திருக்கிறார்கள். இதையும் எர்ரர் ஆக்குங்கள். லாங்கிலிருந்து இன்ட்டுக்குப் போகிற இடமெல்லாம் பில்டிலேயே நிற்கும்.

ஆனால் இந்த இரண்டும் போட்டாலும் கிராம் கிலோ கதை நிற்காது. இன்ட்டிலிருந்து பிக்டெசிமலுக்குப் போவது சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவது, அதில் எதுவும் தொலைவதில்லையே. ஸ்ட்ரிங்கிலிருந்து இன்ட்டும் அந்தக் கணக்கில் வராது. அதற்கு 1.4 பதிப்பில் வந்த மேப்பிங்கன்ட்ரோல் வேண்டும். நாமே ஒரு அனோட்டேஷன் எழுதி, நேரடிக் காப்பிக்கு அனுமதி, நான் எழுதின மெத்தடுக்கு அனுமதி, நீயாகவே மாற்றுகிற வேலைக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிடலாம். இதைப் போட்டு பில்ட் பண்ணினால் முதல் தடவை திரை முழுக்கச் சிவப்பாக வரும். பயப்பட வேண்டாம். அந்த ஒவ்வொரு சிவப்பும் கருவி இதுவரைக்கும் நம்மைக் கேட்காமல் எடுத்த முடிவு, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்களுக்கு அதில் பெரும்பாலானவை சரியான மாற்றங்களாகத்தான் இருந்தன, இரண்டொரு வரி மெத்தடில் முடிந்தன. மீதிதான் பயமுறுத்தியது.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எந்த விமர்சனத்திலும் நான் பார்க்கவில்லை. எடையை வெறும் எண்ணாக வைக்காதே, கிராமுக்கு ஒரு டைப், கிலோவுக்கு ஒரு டைப் வை என்று பெரியவர்கள் சொல்வார்கள், சரியான யோசனைதான், ஜாவா ரெக்கார்டில் (உருவான பின் மதிப்பை மாற்ற முடியாத சின்ன க்ளாஸ்) ஒரு வரி. கிராம் என்று ஒரு ரெக்கார்ட், உள்ளே அளவு என்று ஒரு பிக்டெசிமல். கிலோ என்று ஒரு ரெக்கார்ட், உள்ளே அளவு என்று ஒரு பிக்டெசிமல். இனிமேல் கிராமைக் கிலோவில் போட முடியாது, கம்பைலர் விடாது என்று நிம்மதியாக இருப்பீர்கள். மேப்ஸ்ட்ரக்ட் என்ன செய்யும் தெரியுமா? இரண்டு க்ளாஸுக்கு நடுவில் மாற்றுகிற மெத்தட் இல்லை என்றால், தானாகவே ஒரு உள் மெத்தட் எழுதிக்கொள்ளும். இதிலும் அளவு இருக்கிறது, அதிலும் அளவு இருக்கிறது, பெயர் ஒன்று, டைப் ஒன்று, காப்பி. மறுபடியும் ஐநூறு கிலோ! டைப்பைப் பிரித்த புண்ணியமெல்லாம் போய்விட்டது. இதை நிறுத்த டிசேபிள்சப்மேப்பிங்மெத்தட்ஸ்ஜெனரேஷன் என்று ரயில் நீளத்துக்கு ஒரு செட்டிங், அதை ட்ரூ ஆக்குங்கள். அப்புறம் கிராமிலிருந்து கிலோவுக்கு மெத்தட் எங்கே என்று அது கேட்கும், ஆயிரத்தால் வகுக்கிற வரியை நீங்கள் எழுதுவீர்கள், கதை முடிந்தது. ஆயிரத்தால் வகுப்பதைப் பாயிண்டை மூன்று இடம் நகர்த்துகிற மெத்தடில் செய்யுங்கள், டபுளுக்குள் போகாதீர்கள்.

ஈனம் விஷயத்தில் இது நன்றாகவே நடந்துகொள்கிறது. கொடுக்கிற பக்கத்தில் இருக்கிற ஒரு மதிப்பு வாங்குகிற பக்கத்தில் இல்லை என்றால் பில்டை நிறுத்தும். ஆனால் தலைகீழாக இருந்தால் அதற்குக் கவலை இல்லை, இருக்கவும் முடியாது. பழைய சாஃப்ட்வேரின் மாவட்டப் பட்டியலில் திருநெல்வேலி மட்டும்தான் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது, புதிய பட்டியலில் அது உண்டு. சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் வாடிக்கையாளர் எல்லாம் பழையதில் திருநெல்வேலி, காப்பி பண்ணினால் புதியதிலும் திருநெல்வேலி. டைப் சரி, பெயர் சரி, மாவட்டம் தப்பு. இதற்கு ஊரையும் பார்த்து முடிவெடுக்கிற மெத்தட் நாம்தான் எழுத வேண்டும். எந்தக் கருவியையும் இதற்குக் குறை சொல்ல மாட்டேன், பழைய டேட்டா எழுதப்பட்டபோது அது சரியாகத்தான் இருந்தது.

ஒரு க்ளாஸிலிருந்து இன்னொன்று பிறக்கிற இன்ஹெரிட்டன்ஸில் கவனம் தேவை. வாடிக்கையாளர் என்று ஒரு க்ளாஸ், அதிலிருந்து மொத்த வாடிக்கையாளர், அவருக்கு மட்டும் 15 எழுத்து ஜிஎஸ்டி எண். மேப்பர் மெத்தடில் வாடிக்கையாளர் என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே வருவது மொத்த வாடிக்கையாளராகவே இருந்தாலும், வெளியே போவது ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளர். சி ப்ளஸ் ப்ளஸ் படித்தவர்களுக்கு ஆப்ஜெக்ட் ஸ்லைசிங் ஞாபகம் வரும், விளைவு அதேதான். வெளியே வந்ததை மொத்த டிடிஓவாகக் காஸ்ட் பண்ணினால் க்ளாஸ்காஸ்ட்எக்செப்ஷன். அதற்கும் சிலர் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டு இஃப் எல்ஸ் அடுக்குவார்கள், தேவையில்லை. 1.5-இல் சப்க்ளாஸ்மேப்பிங் அனோட்டேஷன் வந்துவிட்டது, எந்தக் குழந்தை க்ளாஸ் எந்தக் குழந்தை டிடிஓவாகப் போக வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். அதைப் போடச் சொல்லி மேப்ஸ்ட்ரக்ட் நினைவூட்டாது என்பது ஒரு குறை.

காப்பி என்ற பெயரில் ஒரே ஆப்ஜெக்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. டைப் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தால் புதிதாக உண்டாக்காமல் பழைய ஆப்ஜெக்டையே சுட்டுகிற ரெஃபரன்ஸை அப்படியே போட்டுவிடும். லிஸ்ட் என்றால் லிஸ்ட்டைப் புதிதாக உண்டாக்கும், உள்ளே இருக்கிற சரக்குகள் பழையவையேதான். போன மாச ஆர்டரைக் காப்பி பண்ணி இந்த மாச ஆர்டர் போட்டுவிட்டு டெலிவரி முகவரியை வள்ளியூருக்கு மாற்றினால் போன மாச ஆர்டரும் வள்ளியூருக்குப் போயிருக்கும். உண்மையான முழுக் காப்பி வேண்டுமென்றால் டீப்க்ளோன் என்று தயாராக ஒரு மேப்பிங்கன்ட்ரோல் அவர்களே வைத்திருக்கிறார்கள், அந்த மேப்பருக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். முகவரி மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களை மாற்ற முடியாத ரெக்கார்டாக வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏற்கனவே இருக்கிற ஆப்ஜெக்டின் மேல் காப்பி பண்ணுகிற வசதியும் உண்டு, மேப்பிங்டார்கெட் என்று போட வேண்டும். திரையில் பெயரை மட்டும் திருத்தி அனுப்பினார்கள், மற்றதெல்லாம் நல் (null) என்று வந்தது என்றால் அது எல்லாவற்றையும் நல் ஆக்கிவிடும், அப்படித்தான் வருகிறது. நல் வந்தால் தொடாதே என்று மாற்றலாம், ஆனால் அப்புறம் ஒரு ஃபீல்டை வேண்டுமென்றே அழிக்க முடியாது. இதற்குச் சுத்தமான வழி அவர்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, கடைக்குக் கடை எது தேவையோ அதைப் போடுகிறோம்.

இனி நிஜமான எரிச்சல்கள். லாம்பாக் என்ற இன்னொரு கருவியோடு சேர்த்துப் போட்டால் முதல் நாள் கண்டிப்பாக மண்டை காயும். கெட்டர் செட்டரை லாம்பாக் கம்பைல் நேரத்தில்தான் உண்டாக்குகிறது, மேப்ஸ்ட்ரக்டும் அதே நேரத்தில்தான் பார்க்கிறது, அது பார்க்கும்போது ஃபீல்டே இல்லை என்று சொல்லும். லாம்பாக் 1.18.16-இலிருந்து லாம்பாக் மேப்ஸ்ட்ரக்ட் பைண்டிங் என்று தனியாக ஒன்றை ப்ராசஸர் பட்டியலில் சேர்க்க வேண்டும், இது தெரிந்தால் அஞ்சு நிமிஷம், தெரியாவிட்டால் ஒரு ராத்திரி. ஃபீல்ட் பெயர்களை மேற்கோளுக்குள் ஸ்ட்ரிங்காக எழுத வேண்டியிருப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் பெயர் தப்பானால் பில்ட் நிற்கும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். இன்டெல்லிஜே ஐடியாவில் அதற்கான ப்ளக்இன் போட்டுக்கொண்டால் பெயரை அதுவே எடுத்துக் கொடுக்கும். எக்ஸ்பிரஷன் என்று ஜாவா கோடையே ஸ்ட்ரிங்குக்குள் எழுதுகிற வசதி ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள், தனி மெத்தடாக எழுதுங்கள். இன்டர்ஃபேஸ் எழுதி, அனோட்டேஷன் போட்டு, எழுதப்பட்ட கோடு வேறு ஃபோல்டரில் இருக்கிறது என்று புரிய வைப்பதற்குள் புதிதாக வந்த பையன்களுக்கு இது ஏதோ மாந்திரீகம் என்று தோன்றிவிடுகிறது. உருவான ஃபைலைத் திறந்து காட்டினால் பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடுவார்கள்.

யாருக்கு வேண்டாம்? மொத்தமே நாலைந்து க்ளாஸ், ஒவ்வொன்றிலும் ஆறு ஃபீல்ட் என்றால் வேண்டாம், கன்ஸ்ட்ரக்டரில் எழுதுங்கள், எல்லா மதிப்பும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்று வைத்துவிட்டால் விட்டுப்போன ஃபீல்டையும் கம்பைலரே பிடிக்கும். நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பண்ணுகிற பிள்ளைகளும் முதலில் கையாலேயே எழுதிப் பழகுங்கள், வைவாவில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அனோட்டேஷனைக் காட்டி நிற்க முடியாது. மைக்ரேஷன் மாதிரி பழைய டேட்டாவை அள்ளிக் கொட்டுகிற வேலைக்கும், திரைக்கும் டேபிளுக்கும் தனித்தனி க்ளாஸ் வைத்திருக்கிற எந்தப் பெரிய வேலைக்கும் தாராளமாகப் போடலாம். அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஒரு மார்க் குறைத்தது, எர்ரராக வந்திருக்க வேண்டிய செட்டிங்குகளை இக்னோரிலும் வார்னிங்கிலும் வைத்து அனுப்புவதற்காக.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற ப்ராஜெக்டில் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பாதீர்கள். அன்மேப்ட்டார்கெட்டை முதலில் எர்ரர் ஆக்கி அந்தச் சிவப்பை முடித்துவிட்டு, அப்புறம் டைப்கன்வர்ஷன், மேப்பிங்கன்ட்ரோலைக் கடைசியில் பணமும் எடையும் வருகிற மேப்பர்களுக்கு மட்டும் ஆரம்பியுங்கள். தீபாவளி கழிந்த பிறகு.